நான்காவது சர்வர்

ஞாயிறு பூசை முடிந்து பெமிலா நாகர்கோவில் அலுவலகத்துக்கு வந்தாள். வாடிக்கையாளர்கள் யாரும் இல்லாத அந்த நேரத்தில்தான் மூன்று சர்வர்களிலும் சேவைகளை நிறுத்தி, மறுபடி தொடங்குவது வழக்கம்.

சர்வர்களுக்குக் கடற்கரை ஊர்ப் பெயர்களை வைத்தவன் அவள் கணவன் எபின். தொடங்கியதும் ஒவ்வொன்றும் திரையில் பதில் சொல்லும்படி நிரல் எழுதியவனும் அவன்தான்.

'முட்டம் எழும்பியாச்சு.'

'குளச்சல் எழும்பியாச்சு.'

'மணக்குடி எழும்பியாச்சு.'

அவள் பையை எடுத்தபோது இன்னொரு வரி வந்தது.

'கடியப்பட்டணம் எழும்பியாச்சு. சாயா குடிச்சியா?'

கடியப்பட்டணம் எபினின் ஊர். கூட வேலை செய்யும் அனிஷைப் போனில் அழைத்தாள்.

"அக்கா, அந்த மெஷின எபின் அண்ணன் மரிச்சப்பவே கழத்தியாச்சே. அந்த எடம் சும்மால்லா கெடக்கு."

அவள் போய்ப் பார்த்தாள். சும்மாதான் கிடந்தது.

'எழும்பியாச்சு' மட்டும்தான் எபின் எழுதிவைத்தது. 'சாயா குடிச்சியா?' என்று பக்கத்து நாற்காலியிலிருந்து வாயால்தான் கேட்பான்.

திங்கட்கிழமை காலை, வேலை மும்முரத்தில் இருந்தபோது, பெமிலா மூன்று சர்வர்களையும் நிறுத்தினாள். போன்கள் எல்லாம் அடிக்கத் தொடங்கின. அவள் எதையும் எடுக்கவில்லை. கீழே இறங்கிப்போய் இரண்டு சாயா வாங்கிவந்து, ஒன்றைப் பக்கத்து நாற்காலியின் முன்னால் வைத்துவிட்டு, சர்வர்களை ஒவ்வொன்றாகத் தொடங்கினாள்.