ஊறுகாய் வெளிச்சம்

மறுவாழ்வு மையத்தில் குடியை விட்ட செல்லமுத்து வீட்டுக்குப் போனால் மறுபடி குடிப்பானா என்று அறிய, படங்களைக் காட்டி அவன் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா அதைத் திரையில் போட்டார். பிராந்தி பாட்டிலைப் பார்த்தபோது மூளை சாமியார் மாதிரி கிடந்தது. ஒப்புக்குக் காட்டிய ஊறுகாய் பாக்கெட்டுக்குத்தான் ஒரு புள்ளி தகதகவென்று எரிந்தது.

"இது சாப்பாட்டு ஐட்டம்தானே?" என்று குழம்பினார் டாக்டரம்மா.

"இவரு அதைச் சோத்துக்குத் தொட்டுக்கிட்டு நான் பாத்ததே இல்லீங்க" என்றாள் மனைவி கோமளா.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம் என்று நினைத்திருந்த செல்லமுத்துவின் தலைக்குள், அவனைக் கேட்காமலே ஒரு கடை விளக்கேற்றிக் காத்திருந்தது.

"சத்தியமா அது நானில்ல கோமளா."

கோமளா எழுந்து சேலைத் தலைப்பால் திரையை அழுத்தித் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்றானது. புள்ளி இன்னும் அழகாக எரிந்தது.