மனமாற்றம் தேவை

எழுபத்தெட்டில் மேச்சேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசாங்கம் கட்டிய பொதுக் கக்கூஸுக்கு ஒருவரும் போகவில்லை. ஏன் என்று ஆராயச் சென்னையிலிருந்து வந்தார் பேராசிரியர் திருவேங்கடம். பஞ்சாயத்துத் தலைவர் சின்னுசாமி வீட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே ஊராரை விசாரித்துக் கட்டுரை எழுதினார்.

'மூடப்பழக்கமே காரணம்; மனமாற்றம் தேவை' என்றது கட்டுரை. சட்டசபையில் இரண்டு கட்சிகளும் அதையே மேற்கோள் காட்டிச் சண்டை போட்டன. மனமாற்றப் பிரசாரத்துக்கு ஜீப்பும் ஒலிபெருக்கியும் வந்தன.

பிரசாரத்தைத் தொடங்கிவைக்கப் பேராசிரியரே வந்தார். சின்னுசாமி வீட்டுக் கோழிக்குழம்பு மேடையிலேயே வேலையைக் காட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்கு ஓடினார்.

கதவில் பெரிய பூட்டு.

"ஏனய்யா பூட்டியிருக்கிறது?"

"கட்டினதிலிருந்தே பூட்டித்தானுங்க இருக்குது," என்றார் பின்னாலேயே ஓடிவந்த சின்னுசாமி. "மந்திரி வந்து திறந்து வைக்கோணுமுங்க."

"இதை யாருமே என்னிடம் சொல்லவில்லையே!"

காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த செல்லாயி நின்றாள். "'கக்கூஸுக்குப் போறியா'ன்னு கேட்டீங்க, 'இல்லீங்க'ன்னேன். ஏன்னு கேக்கலீங்களே. அதை நீங்களே எழுதிக்கிட்டீங்க."

பேராசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. "மந்திரி எப்போதய்யா வருவார்?"

"அடுத்த வாரமே வாராருங்க."

"இதைத் திறக்கத்தானே?"

"இல்லீங்க. கக்கூஸைத் திறக்கறது கௌரவமா இருக்காதுன்னுட்டாருங்க. உங்க கட்டுரையை அரசாங்கமே புத்தகமாப் போடுதாமுங்க, நேத்துத்தான் தாக்கல் சொல்லி ஆளனுப்பினாங்க. அதை வெளியிட வாராருங்க."