பார்க்காமல் ஓட்டிய கமாண்ட்

"பேரைச் சொல்ல விரும்பல சார். ஆனா இந்த ரூம்லயே இருக்கிற ஒருத்தர் என்னோட ஒரு மாச வேலையை ஒரே தட்டுல அழிச்சுட்டாங்க!"

ஜெரோஷ் பேரைச் சொல்லவில்லைதான். விரல் மட்டும் நீலாவின் நாற்காலிப் பக்கம் நீண்டிருந்தது.

பிம்ப்ரியில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது நார்மனின் கம்பெனி. ஸ்கூல் பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோரின் போனில் காட்டுகிற ஆப் செய்து கொடுப்பது தொழில். நார்மனுக்கு ஒரு வரி புரோகிராம் எழுத வராது. பேரம் பேச வரும், கத்த வரும். அந்த இரண்டையும் வைத்தே கம்பெனியை நிலைநிறுத்திய ஆள்.

"என்ன நடந்துச்சு? எனக்குப் புரியுற மாதிரி யாராவது சொல்லித் தொலைங்க!"

நீலா எழுந்தாள்.

"ஸ்கூலுக்கு ஒரு ரெப்போ சார். ஒவ்வொரு ஸ்கூலோட புரோகிராமுக்கும் தனி அறைன்னு வச்சுக்கோங்க. எல்லாமே நம்ம பொது சர்வர்ல இருக்கு. ஒவ்வொண்ணா திறந்து வேலை பார்த்தா கட்டுப்படியாகாது. அதுக்கு ஒரு டூல் வச்சிருக்கோம். ஒரு கமாண்ட் அடிச்சா, எல்லா ரெப்போவுலயும் சேர்ந்து ஓடும்."

"நல்லதுதானே?"

"காலைல க்ளீன் பண்ற கமாண்டை அடிச்சேன். கமிட் பண்ணினது, அதாவது பதிஞ்சு வச்ச வேலை, அப்படியே இருக்கும். பதியாதது போயிடும்."

"போனா திரும்பாதா?"

"திரும்பாது சார்."

"என்னோடது இன்னும் கமிட் பண்ணல சார்!" ஜெரோஷ் குறுக்கே பாய்ந்தான். "லோஹேகாவ் ஸ்கூல் மொத்தமும் அதுல இருந்துச்சு."

"ஏன்டா பதியல?"

"முழுசா முடிச்சுட்டுப் பதியலாம்னு சார்."

நார்மனின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் குரல் வெண்ணெய் ஆனது. லோஹேகாவ் ஸ்கூல் பிரின்சிபால்.

"சொல்லுங்க ஜெரால்டின் மேடம்... ஆப்பைப் பார்க்க நாளைக்கேவா? சனிக்கிழமை யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பாங்களா மேடம்? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வச்சுக்குவோம்... சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், சர்ச்சுல காலைப் பூசை முடிஞ்சு, மதியம் சாப்பிட்டுட்டு வாங்க... திங்கட்கிழமை பிள்ளைங்க ஏறுற பஸ் அவங்கம்மா போன்ல ஓடலைன்னா, நான் கடையைப் பூட்டிட்டுப் போயிடுறேன் மேடம்!"

போனை வைத்தார். வெண்ணெய் உருகிவிட்டது.

"நீலா! ஓட்டுறதுக்கு முன்னாடி எதுல பதியாத வேலை இருக்குன்னு பார்க்க வழியே கிடையாதா?"

"இருக்கு சார். அதே டூல்லயே எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்."

"பார்த்தியா?"

நீலா ஜெரோஷைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே டயர் கடைக்காரர் ஏதோ ட்யூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"கேட்கிறேன்ல? பார்த்தியா?"

"பார்க்கல சார். பார்க்காம ஓட்டிட்டேன்."

"அரே! திங்கட்கிழமையிலேர்ந்து நீதான் டீம் லீட்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சு வச்சேனே! கண்ணை மூடிக்கிட்டு ஹைவேயைத் தாண்டுறவ கையிலயா ஆபீஸைக் கொடுப்பேன்? மறந்துடு."

"சரி சார்."

"சரி சாராம்! வாயைத் திறந்து சண்டையாவது போடேன்." நார்மன் பைக் சாவியை எடுத்தார். "உண்மையை ஒத்துக்கிட்ட, அதனால வேலை தப்பிச்சுது. தப்புப் பண்ணினா கத்துவேன், அவ்வளவுதான். பொய் சொன்னா அன்னைக்கே வெளியே. கிறிஸ்டோபரைப் போன மாசம் ஏன் அனுப்பினேன்? செய்யாத வேலையைச் செஞ்சுட்டேன்னான்."

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

 ஜெரோஷ் நாற்காலியை நீலாவின் பக்கம் உருட்டினான்.

"சாரி நீலா, ரொம்பக் கத்திட்டேன். ஆனா நீயும் ஒரு தடவை பார்த்துட்டு ஓட்டியிருக்கலாம்ல?"

"பார்த்துட்டுத்தான் ஓட்டினேன்."

ஜெரோஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லா ரெப்போவையும் பார்த்தேன். உன்னோடதுல அழியறதுக்கு ஒரு வரிகூட இல்ல."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அப்புறம் ஏன் சார்கிட்ட பார்க்கலைன்னு சொன்ன?"

"போன வாரம் வீட்லேர்ந்து வேலை பார்க்கிறேன்னு மெசேஜ் போட்ட அன்னைக்கு, போபோடி சிக்னல்ல உன்னைப் பார்த்தேன். உங்கப்பா போட்டோவை ஆட்டோக்காரங்ககிட்ட காட்டிக் காட்டிக் கேட்டுக்கிட்டிருந்த. நான் இறங்குறதுக்குள்ள நான் வந்த பஸ்ஸு நகர்ந்துடுச்சு."

ஜெரோஷ் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டுக்கு வர்ற வழி மறந்துடுது நீலா அவருக்கு. கதவு திறந்திருந்தா கிளம்பிடுறார். இந்த மாசம் பூரா தேடுறதுலயே போச்சு. சார்கிட்ட எப்படிச் சொல்றது?"

"இப்ப யாரு பார்த்துக்கிறா?"

"தங்கச்சி டானியா வந்துட்டா. கூடவே இருக்கா."

"அப்ப இனிமே சாக்கு கிடையாது." நீலா தன் நாற்காலியை அவன் மேஜைக்கு இழுத்துப் போட்டாள். "ஒருத்தரைக் காணோம்னு தேடுறது எப்படியிருக்கும்னு உனக்குத் தெரியும். திங்கட்கிழமை லோஹேகாவ்ல ஒரு அம்மாகூட அப்படித் தேடக் கூடாது. நான் பக்கத்துல உட்காருறேன், மத்த ஸ்கூலுக்கு எழுதினதை வச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ எழுது. முடிச்ச கையோட சார் ரூமுக்குப் போ, நடந்ததை நடந்தபடி சொல்லு. முடிச்ச வேலையோட நீயா ஒத்துக்கிட்டா, சார் கத்துறதோட விடலாம். உன் வேலையைக் காப்பாத்த என் லீட் போஸ்ட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கேன். அது நான் கொடுத்த கடனில்ல, ஜெரோஷ், உன் பொய் என்கிட்டேர்ந்து பிடுங்கினது. உண்மையைச் சொல்லி நீயே திருப்பிக் கொண்டு வந்து வை!"