நிற்காத விமானம்

“தம்பி, நீங்க போன வாரம் பொருத்தின நாலு பிராசஸர் கம்ப்யூட்டர் சரியில்லை. உடனே வாங்க!”

போனில் பெரியவர் பதறியதும் மெக்கானிக் அடித்துப்பிடித்து ஓடிவந்தான். அவனே உட்கார்ந்து விமானம் ஓட்டும் விளையாட்டைப் போட்டுப் பார்த்தான். மலை, மேகம் எல்லாவற்றின் மேலும் விமானம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

“எங்கேயும் திக்கலையே சார்! நீங்க ஓட்டும்போது மட்டும் நிக்குதா?”

“நான் எங்கே ஓட்டினேன்? ஓட்டுறது என் சம்சாரம். அவ கடைக்குப் போன நேரம் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.” பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “முன்னே ஒரே பிராசஸர் இருந்தப்ப பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் விமானம் நடுவானத்துல நின்னுடும். அது நகர்ற வரைக்கும் என்கிட்ட நாலு வார்த்தை பேசுவா. இப்ப அது நிக்கறதும் இல்லை, இவ திரும்பிப் பார்க்கறதும் இல்லை. மூணு பிராசஸரைக் கழட்டிடுங்க, தம்பி!”