கார்குழலி வைத்த குழம்பு

முதல் கவளத்தை வரதன் பூனைக்கு வைத்தான். மத்திக் குழம்பில் பிசைந்த சோற்றை நக்கி முடித்த பூனை, இன்னும் கேட்டு அவன் காலைச் சுற்றி வந்தது. அது சுருண்டு விழுகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, உனக்குப் போட்டா பூனைக்கு ஊட்டிக்கினு கீற?" என்றாள் கார்குழலி அடுப்படியிலிருந்து.

"எனக்குப் பசிக்கல."

பசியில் உயிர் போனது. ஆனால் அரைமணி நேரத்துக்கு முன்புதான் வாசல் சாக்கடையோரம் குந்தி, வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வந்திருந்தான்.

கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன் வரதன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு வாரம் லீவு போட்டுத் திருவொற்றியூர் வீட்டில் கிடந்தான். லீவு என்றால் சாயங்காலம் ஒரு கோட்டர். பதினாறு வருடப் பழக்கத்தில் அது ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை.

முந்தாநாள் கைவிட்டது. இரண்டு மடக்குதான். முகம் அனல்பட்டதுபோல் சிவந்து, சரக்கு ரயில் போவதுபோல் நெஞ்சு தடதடத்து, குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது.

நேற்றுக் காலை மனைவியின் போனை எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. 'குடி வைத்தியர்' என்று ஒரு நம்பர் இருந்தது. பேசின் பிரிட்ஜ் சுவர்களில் அவன் தினமும் கடந்துபோகிற நோட்டீஸ் கண்முன் வந்தது: குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்.

அதோடு வீட்டுச் சோற்றை நிறுத்தினான். தண்ணீர்கூடப் பாக்கெட் தண்ணீர். வாய் கொப்பளிக்க அவள் சுடவைத்துக் கொடுத்த உப்புத் தண்ணீரை முகர்ந்து பார்த்துக் கொட்டினான். அப்படியும் நேற்றுச் சாயங்காலம் வாந்தி, இன்றும் வாந்தி.

பல் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும்தான் அவன் நம்பினான். அட்டைக்குள் மூடி வந்த பொருள். அவள் கை அதில் படாது. வாங்கிய அன்று வாயில் பஞ்சு, காதில் யார்டு சூப்பர்வைசரின் போன். அந்த நிலையிலும் மருந்துக்கடைப் பெண்ணுக்குத் தலையாட்டி வாங்கி வந்து, சட்டைப் பையிலேயே வைத்து, மூன்று வேளையும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தான்.

பூனை மூன்றாவது முறையாகக் கத்தியது. அது நன்றாக இருப்பது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"எதுலதான் கலக்குற? சொல்லிடு."

"இன்னாத்த?"

"நடிக்காத. குடி வைத்தியரு எவன்? உன் போன்ல கீறானே!"

கார்குழலியின் கையில் கரண்டி நின்றது. அந்த ஒரு நொடி அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"நம்பர் வாங்கினேன், வாஸ்தவம்தான்," என்றாள் மெதுவாக. "ரெண்டு தபா போன் அடிச்சேன். உனக்கு எதுனா ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் எங்க போய் நிக்கறதுன்னு பயந்துகினு, பேசாமயே வச்சிட்டேன்."

"அப்ப என் கொடலு ஏன் வெளிய வருது? நாளைக்கே உங்கம்மா வூட்டுக்குக் கிளம்பு. இல்ல, ஸ்டேஷனுக்கு நட."

அவள் அழவில்லை. அவன் தட்டிலிருந்தே ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு மிச்சக் குழம்பை டிபன் பாக்ஸில் ஊற்றி மூடினாள்.

"ஸ்டேஷன் அப்பறம். மொதல்ல மெடிக்கலுக்கு வா. அது படிச்ச பொண்ணு, இதுல இன்னா கீதுன்னு அது சொல்லட்டும். தப்பா ஒண்ணு இருந்திச்சுன்னு சொன்னா, நானே போறேன். திரும்பி வரவே மாட்டேன்."

தெருமுனை மருந்துக்கடையில் ஜெஸ்லின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். "நல்ல மணமாத்தான் இருக்கு அக்கா. இத எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?"

வரதன் நடந்த எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தான்.

"நேத்துலேர்ந்து வீட்டுல எதுவுமே சாப்பிடலையா அண்ணே?"

"ஒரு பருக்க கூட இல்ல."

"அப்ப வயித்துக்குள்ள போனது என்னென்ன?"

"ஓட்டல் இட்லி. பாக்கெட் தண்ணி. நீ குடுத்த மாத்திர. சாயங்காலம் ஒரு கோட்டரு. அவ்ளோதான்."

ஜெஸ்லின் கையை நீட்டினாள். அவன் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"இது போடற நாள்லயும், முடிஞ்சு இன்னும் மூணு நாளைக்கும் சாராயம் ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது, தொட்டா வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும்னு அன்னிக்கே சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்க."

வரதன் அவள் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தான்.

"மாத்திரைய பாதியில நிறுத்திடாதீங்க. நிறுத்த வேண்டியது குடிய. நெஞ்சு இன்னும் அடிச்சா இப்பவே டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

கார்குழலி டிபன் பாக்ஸை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், வரதன் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப… இவ எதையும் கலக்கலயா?"

ஜெஸ்லின் அட்டையை அவன் கையில் திருப்பி வைத்தாள்.

"அக்கா இல்லண்ணே. கலந்தது நீங்கதான்."