பனி உலராத புல்

அடுப்படியில் தைலமரப் புகை சுற்றிச் சுற்றி வருகிறது. மெல்சோராவின் மடியில் கிடக்கும் கினிப்பன்றியின் வயிறு ஊதிப்போய்க் கல்லாக இறுகியிருக்கிறது. போன மாதம் கண்ட நோயில், கறிக்கென்று வளர்த்து அடுப்பைச் சுற்றி ஓடித் திரிந்த பதினாறும் போய், மிஞ்சியது இந்தச் சினைப் பெட்டை ஒன்றுதான். சீமைச்சாமந்திக் கஷாயத்தைக் கரண்டி நுனியால் புகட்டுகிறாள். அது கடைவாயில் வழிகிறது. "பனி காயாத குதிரைமசாலப் போடாதன்னு எத்தன தடவ சொன்னேன்? அந்தப் புல்ல உங் காதுலயும் அடச்சு வெச்சிருக்கியா?" புருஷன் ஹசிந்தோ அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளுகிறான். காலையில் கூஸ்கோ நகரத்து ரோட்டு வேலைக்கு ஆளேற்றும் லாரி வந்துவிடுமே என்ற அவசரத்தில், அறுத்த புல்லை நிழலில் வாட்டாமல் அப்படியே உதறிப் போட்டவன் அவன்தான். "பசின்னு கத்துச்சு, மெல்சோ." "கத்தும். அதுக்கு என்ன தெரியும்? ஒனக்குத்தான் தெரியணும். எங் கை சில்லுனு இருக்கு, நீ நீவி விடு." அவள் அதை அவன் மடிக்கு மாற்றுகிறாள். ஜல்லி அள்ளிக் காய்த்த உள்ளங்கையை வயிற்றில் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல நீவுகிறான். உள்ளே குட்டிகள் ஒருமுறை புரள்கின்றன. பிறகு குட்டிகளும் அசையவில்லை, தாயின் விலாவும் ஏறி இறங்கவில்லை. "வாயு எறங்குதா?" கஷாயத்தைச் சூடாக்கக் குனிந்தபடியே கேட்கிறாள் மெல்சோரா. "எறங்குது" என்கிறான் அவன், கையை எடுக்காமல்.