காலி நாற்காலி

புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல், இடது கையாலேயே நாற்காலியைத் தூக்கி வந்து நடு மேடையில் வைத்தார் நாற்காலிக்காரர். வலது கை வழக்கம்போல் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"என்னண்ணே, மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கீங்க? பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று சீண்டினான் புதிதாகச் சேர்ந்திருந்த மைக்காரன்.

"ஏன், நான் நல்லா உடுத்தக் கூடாதா?" என்று சிரித்தார். இன்றைய கச்சேரியில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லப்போவதாகப் பாடகன் காலையில் அவரிடம் சொல்லியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இசைக்குழுவின் பெயர் 'காலி நாற்காலி'. இப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு, மேடையில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போடாமல் இருக்க முடியுமா? ஏன் இந்தப் பெயர் என்பதற்கு ரசிகர்களிடம் ஒரு கதை இருந்தது. குழு பிரபலமாவதற்கு முன்பு ஒருவர் கிடார் வாசித்தாராம், பாதிப் பாட்டுகள் அவர் போட்டவையாம், அவர் செத்துப்போனாராம், இது அவருடைய இடமாம். அவர் முகம்கூட யாருக்கும் தெரியாது. கேட்டால் பாடகன் தலையைக் குனிந்துகொள்வான். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் கொஞ்சம் அழும்.

அரங்கத்தின் கதவைத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாள். கையில் வெள்ளைப் பூங்கொத்து. குழுவின் பெயர் போட்ட பனியன் அவள் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது.

"அந்த நாற்காலியில வச்சுட்டு உடனே போயிடறேன் சார்."

"வைம்மா."

வைத்தவள் போகவில்லை. "நீங்க அவர்கூடப் பழகியிருக்கீங்களா? எப்படி சார் இருப்பாரு?"

"சரியான முன்கோபி. சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். கிடாரக் கையில எடுத்தா மட்டும் மனுஷனா இருப்பான்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"கை நடுங்க ஆரம்பிச்சுது. அதோட முடிஞ்சுது."

அவள் பனியனின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இது எங்க அண்ணனோடது சார். பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான். இவர் பாட்டுன்னா அவனுக்கு உயிர். 'எம்புள்ள அங்க தனியா என்ன பண்றானோ'ன்னு எங்கம்மா இன்னும் புலம்பிட்டே இருக்காங்க. 'அவன் தனியா இல்லம்மா, அந்தக் கிடார் அண்ணன் வாசிக்கறாரு, இவன் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருப்பான்'னு நான்தான் சொல்லுவேன். அதச் சொன்னாத்தான் ஒரு வாய் சாப்பிடுவாங்க."

நாற்காலிக்காரர் அந்தப் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அது ஒண்ணுதான் சார் ஆறுதல்." நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினாள். "அண்ணே, அவனப் பாத்துக்கோங்கண்ணே."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது தீர்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு வெளியே போனாள்.

பாடகன் வந்தான். பூங்கொத்தைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"ஊரை ஏமாத்தினது போதும்ணே. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லிடறேன். மொதல்ல அந்தப் பூவ எடுங்க."

அவர் எடுக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே கொண்டுவந்தார். அது கிடுகிடுவென்று ஆடியது. அந்தக் கையாலேயே, சரிந்து கிடந்த பூங்கொத்தை நிமிர்த்தி வைத்தார்.

"வேணாம்டா. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."